"இன்னும் தெளிவாகத் தெரியவில்லை" என்று சொல்லும் துணிவு



பெத்சாய்தா ஊரில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் அழைத்து வந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம் (8:22-26). இயேசு அவரது கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிச் செல்கிறார். அவர் கண்களைத் தொட்டபின், ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அந்த மனிதரோ, ஆட்கள் நடமாடுவது புலப்படுகிறது, ஆனால் மரம் எது மனிதர் எது என்று பிரித்தறிய முடியவில்லை என்ற பொருளில் பதில் சொல்கிறார். இயேசு மறுபடியும் அவர் கண்களில் கைகளை வைக்கிறார். அப்போதுதான் முழுப் பார்வை கிடைக்கிறது.

இரண்டு படிகளில் நடந்த குணமாக்குதல் என்று நற்செய்தியில் நாம் காண்பது இது ஒன்றுதான். விசுவாசம் படிப்படியாக வளர்வதற்கு அடையாளமாக இதைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். ஆனால் அந்த மனிதரின் பதிலை மட்டும் தனியே எடுத்துச் சற்றுச் சிந்திப்போம். இவ்வளவு பெரியவர் நமக்காக இவ்வளவு செய்திருக்கிறாரே என்ற கூச்சத்தில், "நல்லாத் தெரியுது ஆண்டவரே" என்று அவர் சொல்லியிருந்தால்? அரைப் பார்வையோடு வீட்டுக்குப் போயிருப்பார். இயேசு கேட்டார்; அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த நேர்மையான பதிலுக்குப் பின்தான் இரண்டாவது தொடுதல் நிகழ்ந்தது.

உப்பளத்துத் தாய் ஒருவர்

தூத்துக்குடிக் கடற்கரையில் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் வயதான தாய் ஒருவர் இருந்தார். இளமை முழுவதும் உப்பளத்தில் உழைத்தவர். கண்புரை முற்றி, கண் மருத்துவ முகாம் ஒன்றின் வழியாக இலவச அறுவைச் சிகிச்சை பெற்றார். சில நாள் கழித்து வீடு சந்திக்கச் சென்றபோது, "எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டோம். "தெரியுது சாமி, கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கு" என்றார். நாமும் மகிழ்ந்து செபித்துவிட்டு வந்தோம்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பின், திவ்விய நற்கருணை வாங்க வந்தவர் நம் கையைத் தடவித் தேடியபோதுதான் விளங்கியது. அறுவைக்குப் பின் முதலில் நன்றாகத் தெரிந்த கண், பிறகு மெல்ல மெல்ல மங்கியிருக்கிறது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. "இலவசமா பண்ணிவிட்டாங்க. திரும்பப் போய் குறை சொன்னா நல்லா இருக்குமா சாமி? வயசாச்சு, அவ்வளவுதான்னு இருந்துட்டேன்" என்றார்.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கண்புரை நீக்கியபின் வைக்கப்படும் செயற்கை வில்லையின் பின்புறத்தில் உள்ள மெல்லிய சவ்வு சிலருக்கு நாளடைவில் மங்கிப்போவதுண்டு. லேசர் கதிரால் அதில் சிறு திறப்பு உண்டாக்கினால் பார்வை தெளியும். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. சில நிமிட வேலை. சில நிமிடங்களில் தீர்ந்திருக்க வேண்டிய இருட்டை அந்தத் தாய் நீண்டகாலம் சுமந்திருக்கிறார். காரணம் நோய் மட்டுமா? "இன்னும் தெரியவில்லை" என்று சொல்லும் துணிவு அவருக்கு வரவில்லை. துருவிக் கேட்கும் பொறுமை நமக்கும் இல்லை.

நோயாளரின் குரல் என்றால் என்ன?

"பரிந்து பேசுதல்" என்ற சொல் கத்தோலிக்கர்களாகிய நமக்குப் புதிதல்ல. கானாவூர்த் திருமணத்தில் அன்னை மரியா பரிந்து பேசினார். மருத்துவ உலகிலும் இன்று நோயாளருக்காகப் பரிந்து பேசுதல் என்பது ஒரு பணியாகவே வளர்ந்திருக்கிறது. இதில் மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, நோயாளர் தம் நிலையைத் தாமே மருத்துவரிடம் சொல்வது. இரண்டாவது, அதே துன்பத்தில் இருக்கும் அடுத்தவருக்குத் தம் அனுபவத்தைச் சொல்லி வழிகாட்டுவது. மூன்றாவது, அரசிடமும் நீதிமன்றத்திடமும் சமூகத்திடமும் சொல்லி, நிலைமையை மாற்றுவது. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தன் கதையைத் தானே சொல்வது.

முதல் நிலையை எடுத்துக்கொள்வோம். மருத்துவரிடம் "கண் சரியாத் தெரியல" என்பது தொடக்கம்தான். இரவில் மட்டும் தெரியவில்லையா? நடுவில் மறைக்கிறதா, ஓரங்கள் மறைகின்றனவா? விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறதா? படியிறங்கும்போது தடுமாறுகிறதா? இப்படிச் சொல்லும்போது அது நோயின் கதையாகிறது. கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையிலிருந்து தின்றுகொண்டு வரும். இழந்த பார்வை திரும்பாது, மிஞ்சியதைத்தான் காக்க முடியும். சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும்போதும் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. எனவே சர்க்கரை உள்ளவர்கள் குறை இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். இரவில் தெரியாமை தலைமுறையாக ஒரு குடும்பத்தில் வருமானால், நெருங்கிய சொந்தத்தில் நடந்த திருமணங்களையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடலிலும் உப்பளத்திலும் வெயிலின் எதிரொளியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். கருவிழியின் மேல் சதை வளர்வதற்கு வெயிலும் காற்றும் தூசியும் காரணமாகின்றன.

கண்டவர் சொன்னால் நம்புவார்கள்

இரண்டாவது நிலைக்கு நம் மண்ணிலேயே நல்ல சான்று இருக்கிறது. எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகியவர். பணி ஓய்வுக்குப் பின், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் அவர் மறைந்தபோது அது உலகறிந்த நிறுவனமாகியிருந்தது.

சிகிச்சை இலவசம் என்று அறிவித்தாலும் பலர் வருவதில்லை என்பது கண் மருத்துவப் பணியில் எல்லாரும் கண்ட உண்மை. அறுவை என்றால் பயம்; பேருந்துக் காசு; கூட வர ஆள் இல்லை; ஒருநாள் கூலி போய்விடும்; "இந்த வயசுக்கு மேல கண்ணு எதுக்கு?" என்ற சலிப்பு. இவர்களை எப்படி அழைத்து வருவது? தென்னிந்தியாவில் 90 கிராமங்களில் பல வழிமுறைகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு ஒன்று 1991-ல் வெளியானது. ஏற்கெனவே கண்புரை அறுவை செய்துகொண்டவர் ஒருவரே வீடு வீடாகச் சென்று தம் அனுபவத்தைச் சொல்வது அவ்வழிகளில் ஒன்று. அப்படிச் சென்ற கிராமங்களில் அறுவைக்கு முன்வந்தவர்கள் அதிகம் என்று ஆய்வு காட்டியது. செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட இடங்களிலும் பலன் கூடியது. துண்டறிக்கை தகவல் தரும். பக்கத்துத் தெருக்காரரின் கதை பயத்தைப் போக்கும். ஆனால் கதை மட்டும் போதாது, பேருந்துக் காசும் வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்வோம்.

இது ஏன் முக்கியம்? 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் சிகிச்சை பெறாத கண்புரை. அதாவது, நம் தெருவில் இருட்டில் இருப்பவர்களில் பலர் இருட்டில் இருக்க வேண்டியதே இல்லை.

ஒரு கடிதம் செய்த வேலை

எல்லாருக்கும் பார்வை திரும்பாது. அவர்களுக்கு மருத்துவமனைக்கு வெளியேதான் போராட்டம். பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கியபோது, அவர்களும் படிக்க முடியும் என்பதே நம் பகுதிக்குப் புதிய செய்தி. இன்று தமிழகத்தைச் சேர்ந்த பெனோ செபைன், முழுமையாகப் பார்வையற்றவர்களில் முதலாவதாக இந்திய வெளியுறவுப் பணிக்கு 2015-ல் தேர்வானார். மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி 2019-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் வென்றார்.

சட்டமும் சும்மா மாறிவிடவில்லை. மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றவர்கள் நீதிபதித் தேர்வு எழுத முடியாதபடி ஒரு விதி இருந்தது. பார்வையற்ற பிள்ளையின் தாய் ஒருவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2025 மார்ச் 3 அன்று நீதியரசர்கள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பார்வையின்மையைக் காரணம் காட்டி ஒருவரை நீதித்துறைப் பணியிலிருந்து ஒதுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று மற்றொரு தீர்ப்பு. வங்கிக் கணக்கு, சிம் கார்டு போன்றவற்றுக்கு இணையவழியில் அடையாளம் சரிபார்க்கும்போது, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். பார்வையற்றவரும், அமில வீச்சில் முகம் சிதைந்தவரும் என்ன செய்வார்கள்? அவர்களும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தங்கள் சங்கடத்தை எடுத்துச் சொன்னதால், மாற்று வழிகள் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் நான்கு விழுக்காடு இட ஒதுக்கீடு தருகிறது. அதில் ஒரு விழுக்காடு பார்வையின்மையும் குறைபார்வையும் உள்ளோருக்கு. புத்தகங்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவில் மாற்றப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்னும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. இவை எதுவும் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த பிச்சை அல்ல. பாதிக்கப்பட்டவர்கள் பேசினார்கள், அதனால் கிடைத்தது.

கதை யாருடையது?

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு சொன்ன அந்தத் தாய்க்குப் பார்வை தெளிந்த மகிழ்ச்சியில், அடுத்த ஞாயிறு மறையுரையில் அவர் கதையைச் சொல்லிவிட்டோம். பெயர் சொல்லவில்லை, தெருவைச் சொன்னோம். சிறிய பங்கில் அது போதாதா? அன்று மாலை வந்தவர் கோபப்படவில்லை. "எம் பிள்ளைக என்னைக் கவனிக்கலன்னு ஊரே பேசுது சாமி. எங்கதைய நாந்தான சொல்லணும்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டோம்.

பரிந்து பேசுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் அடுத்தவர் கதையை எடுத்துக்கொள்கிறோம். அதை இரக்கக் கதையாகவோ, "இவரே சாதித்துவிட்டார், உனக்கென்ன குறை?" என்னும் அறிவுரைக் கதையாகவோ மாற்றிவிடுகிறோம். எரிகோ சாலையோரத்தில் பர்த்திமேயுவைக் கூட்டம் அதட்டி அடக்கியது. இயேசுவோ நின்று, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேட்டார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார்.

நாம் செய்யக்கூடியவை

பார்வைக் குறையுள்ளவரிடம் பேசும்போது, உடன் வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்காமல், அவரிடமே கேட்போம். அருகில் வந்ததும் நம் பெயரைச் சொல்வோம். போகும்போது போகிறோம் என்று சொல்வோம். வழிகாட்டும்போது இழுக்காமல், நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளத் தருவோம். மருத்துவமனைக்குத் துணை போகிறவர்கள், எப்போது தொடங்கியது, எது தெரியவில்லை, என்ன மருந்து போடுகிறார் என்பதை முந்தின நாளே அவர் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வோம். மருத்துவர் முன் அவரே பேசட்டும். அவர் விட்டதை மட்டும் நாம் நினைவூட்டுவோம். அன்பியக் கூட்டங்களில் அவர்கள் விரும்பினால் பேச இடம் தருவோம். விரும்பாவிட்டால் அமைதியை மதிப்போம். அறுவை முடிந்தவரை ஒருமுறை சந்தித்ததோடு நில்லாமல், ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு கழித்தும் கேட்போம்.

அந்தத் தாய் சில மாதங்களுக்குப் பின், யாரும் கேட்காமலே தம் அன்பியக் கூட்டத்தில் எழுந்து தம் கதையைச் சொன்னார். நாம் சொன்னதைவிடச் சுருக்கமாக, நன்றாகச் சொன்னார். கேட்ட இருவர் அந்த வாரமே கண் பரிசோதனைக்குப் போனார்கள். ஒருவருக்குக் கண் நீர் அழுத்த நோய் இருந்தது. போன பார்வை போனதுதான், மிச்சம் காப்பாற்றப்பட்டது. தினமும் சொட்டு மருந்து போடுகிறாரா என்று இப்போது அவரை விசாரிப்பவர் நாமல்ல, அந்தத் தாய்தான்.

இன்று நம் வீட்டில் முதியவர் யாராவது "தெரியுது, நல்லா இருக்கு" என்று சொன்னால், அதோடு விட்டுவிடாமல் அருகில் அமர்ந்து இரண்டாவது முறை கேட்போமா?