ஒருவரை மட்டும் பற்றிக்கொண்டால்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் உரையைக் கேட்டும் மனம் நிறையாத மணிமேகலை, அறவண அடிகள் காஞ்சியில் இருக்கிறார் என்று அறிந்ததும் அங்கே விரைகிறாள். இன்றும் பௌத்த நாடுகளில் இல்லறத்தார் பலருக்கு இப்படி மனத்துக்கு உகந்த ஒரு துறவி உண்டு. தாய்லாந்தில் முதிய பிக்குவை ‘லுவாங் போ’ என்று அழைக்கிறார்கள். ‘மதிப்பிற்குரிய தந்தை’ என்பது பொருள். அவருடைய உருவம் பதித்த பதக்கத்தைக் கழுத்தில் அணிவோரும் அங்கு ஏராளம்.

இந்தப் பற்று எங்கிருந்து வருகிறது? பிக்கு சமைத்து உண்ணலாகாது; பொருள் சேர்க்கலாகாது. காலையில் பாத்திரம் ஏந்தி வரும் அவருக்கு உணவளிப்பது இல்லறத்தார் கடமை. அறம் உரைப்பது அவர் கடமை. நாள்தோறும் ஒரே முகத்தைக் கண்டு, ஒரே குரலைக் கேட்டு, வீட்டில் சாவு விழுந்தாலும் அவரையே அழைத்து வாழ்கிறவர்களுக்கு அறமும் அவரும் ஒன்றெனத் தோன்றுவதில் வியப்பில்லை. புத்தரும் இதை அடியோடு வெறுத்தாரில்லை. நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, முழுவதுமே அதுதான் என்று திருத்தியவர் அவர்.

ஆயினும் ஒருவர்மீது மட்டும் வைக்கும் பக்தியால் விளையும் ஐந்து கேடுகளை அவர் எண்ணிக் கூறியதாக அங்குத்தர நிகாயத்தில் காண்கிறோம். அந்தத் துறவி குற்றம் செய்து சங்கத்தால் விலக்கப்படலாம். கடைசி இருக்கைக்குத் தள்ளப்படலாம். வேறு ஊருக்குப் போய்விடலாம். காவியைக் களைந்து இல்லறத்துக்குத் திரும்பலாம். இறந்துபோகலாம். மூன்றாவதும் ஐந்தாவதும் யாருடைய குற்றமும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எது நேர்ந்தாலும் விளைவு ஒன்றே. அன்பர் மற்றத் துறவிகளிடம் செல்வதை நிறுத்துகிறார். செல்லாததால் அறம் கேட்பதில்லை. கேளாததால் வழியிலிருந்து நழுவுகிறார்.

பற்று ஆசிரியரையும் கெடுக்கும். விநய நூலில் ஒரு கதை வருகிறது. மச்சிகாசண்டம் என்ற ஊரில் சித்தன் என்னும் செல்வரின் ஆதரவில் சுதம்மர் என்ற பிக்கு தங்கியிருந்தார். எந்தத் துறவியை விருந்துக்கு அழைப்பதானாலும் முதலில் சுதம்மரைக் கேட்பது சித்தனின் வழக்கம். ஒருநாள் சாரிபுத்தர் முதலிய பெரியோர் வந்தனர். சாரிபுத்தரின் உரையைக் கேட்ட மகிழ்ச்சியில் சித்தன் அவர்களை மறுநாள் உணவுக்கு அழைத்துவிட்டு, பிறகே சுதம்மரிடம் சொன்னார். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் ஏற்பாடுகளைப் பார்க்க வந்து, எல்லாம் இருக்கிறது, எள் பணியாரம் மட்டும் இல்லையே என்றார். சித்தனின் குலத்தைக் குத்திக்காட்டிய பேச்சு அது என்பர் உரையாசிரியர். (சினம் வந்தால் துறவியின் வாயிலும் முதலில் வருவது குலம்தான் போலும்!) செய்தி அறிந்த புத்தர், பிக்குவே இல்லறத்தாரிடம் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். போனவர் வெட்கத்தால் கேளாமலே திரும்பினார். துணைக்கு ஒரு பிக்குவைச் சேர்த்து மறுபடி அனுப்பினார்கள்.

நம் காலத்துக்கு அருகில் மற்றொரு செய்தி. தாய்லாந்தில் உபோன் ராச்சதானிப் பகுதியில் 1954இல் காட்டு மடம் ஒன்றை நிறுவிய அஜான் சா, எளிய பேச்சால் மக்களைக் கவர்ந்தவர். 1980களின் தொடக்கத்தில் நோயுற்று, 1992இல் இறக்கும்வரை பேச்சிழந்து படுக்கையில் கிடந்தார். எந்தச் சொல்லுக்காக மக்கள் திரண்டார்களோ அந்தச் சொல்லே இல்லை! சீடர்கள் முறைவைத்து அவருக்குப் பணிவிடை செய்தனர். மடமும் நடந்தது, அறவுரையும் நடந்தது. 1993 சனவரியில் அவருடைய உடலை எரியூட்டியபோது இலட்சக்கணக்கானோர் கூடினர். அன்பு குறையவில்லை, கேட்பதும் நிற்கவில்லை.

அந்த ஐந்தையும் படித்தபோது மூன்றாவதில் என் கண் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாடத்தில் ஐயம் கேட்க வீட்டில் எவருமில்லை. முதலாண்டில் எனக்கு எல்லாமாக இருந்த ஆசிரியர் கோடையில் மாற்றலாகிச் சென்றார். புதியவர் வந்தபின் வகுப்பில் நான் நோட்டைத் திறக்கவேயில்லை. ‘அவர் மாதிரி வராது’ என்று நண்பர்களிடம் சொல்லித் திரிவதில் ஒரு பெருமை வேறு! ஒளியியலில் 28 மதிப்பெண் வந்தது. விடைத்தாளோடு புதியவரிடமே போய் நின்றேன். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து, குறுக்கீட்டு விளைவின் படத்தை முதலிலிருந்து போடத் தொடங்கினார்.