சக்கரமும் சிக்னலும் – 9: டாஷ்போர்டில் ஏறிய போன்

சனிக்கிழமை காலையில் திருநள்ளாறு நளன் குளத்தைச் சுற்றி நிற்கும் கார்களில் பிஒய் 02 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிகள் குறைவு. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என்று எல்லாப் பக்கத்துப் பதிவெண்களும் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஸ்டீரிங்குக்கு இடப்பக்கம் ஒரு திரை. அதில் போனின் வரைபடம் விரிந்து கிடக்கும். சனீஸ்வரன் தரிசனம் முடிந்தது. அடுத்து கீழப்பெரும்பள்ளம் கேதுவா, திருவெண்காடு புதனா? ஒன்பது தலத்தையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று கிளம்பியவர்களுக்கு இந்தத் திரை இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரிதான்.

முன்பெல்லாம் இந்தச் சுற்றுக்குக் கும்பகோணத்து டிராவல்ஸ் டிரைவர்தான் வரைபடம். எந்தக் கோயிலில் நடை எப்போது சாத்துவார்கள், எந்த ஊரில் நல்ல காபி கிடைக்கும் என்பது வரை அவருக்கு அத்துப்படி. இப்போது பெங்களூருவிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர் அந்த வேலையையும் தானே பார்க்கிறார். வழியும் பார்க்க வேண்டும், வண்டியும் ஓட்ட வேண்டும். குரு தலமான ஆலங்குடி, திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலம் பக்கம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தால் குரு பகவானுக்குப் பதில் வேறொரு தாலுகா அலுவலகத்தைத் தரிசிக்க நேரலாம். ‘ஆபத்சகாயேஸ்வரர் கோயில்’ என்று சேர்த்துக் கேட்டால் தப்பலாம். இதையெல்லாம் ஓடுகிற வண்டியில், நடுச்சாலையில், விரலால் திருத்தப் போகும்போதுதான் இந்த வாரத்துப் பிரச்சினை தொடங்குகிறது.

அந்தத் திரைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு ஆட்டோ என்றாலும் ஆப்பிள் கார்பிளே என்றாலும் அடிப்படை ஒன்றுதான். கணக்கெல்லாம் போடுவது உங்கள் சட்டைப்பையிலோ கியர் பக்கத்துக் குழியிலோ இருக்கும் போன். அது தயாரித்த படத்தை வீடியோவாகத் திரைக்கு அனுப்புகிறது. நீங்கள் திரையில் எந்த இடத்தைத் தொட்டீர்கள் என்ற தகவல் திரும்பிப் போனுக்கே போகிறது. கேபிள் இல்லாத வண்டிகளில் முதலில் புளூடூத் இரண்டையும் அறிமுகப்படுத்தி வைக்கும். பிறகு படத்தைச் சுமப்பது வைஃபை. கார்பிளே 2014 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் கூகுள் தன்னுடையதை அறிவித்தது; அது இந்தியாவுக்கு 2016இல் வந்தது. இவற்றுக்கு முன்னால் மிரர்லிங்க் என்று ஒன்று இருந்தது, நோக்கியா காலத்துச் சரக்கு. போன் திரையையே காரில் காட்டுவது அதன் யோசனை. பெரிதாக எடுபடவில்லை.

பின்னால் வந்தவை போனை அப்படியே காட்டுவதில்லை, சலித்துத்தான் காட்டுகின்றன. வாட்ஸ்அப் செய்தி வந்தால் எழுத்தாக விரியாது. குரல் படித்துக் காட்டும், பதிலையும் வாயால் சொல்லலாம். பாட்டுப் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனால் ஓர் அளவுக்கு மேல் நின்றுவிடும். வண்டி நகரும்போது சினிமா ஓடாது. எழுத்துப் பெரிது, பொத்தான் பெரிது. இந்தக் கட்டுப்பாடுகளைத்தான் பலர் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டின் உருப்படியான பகுதியே அதுதான்.

ஆனால் அது போதுமா? பிரிட்டனின் ஐஏஎம் ரோடுஸ்மார்ட் அமைப்புக்காகப் போக்குவரத்து ஆய்வு நிறுவனமான டிஆர்எல் நடத்திய சோதனையின் முடிவுகள் 2020 மார்ச்சில் வெளிவந்தன. ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்கார வைத்து, எதிரே ஏதாவது நடக்கும்போது எவ்வளவு வேகமாக வினையாற்றுகிறார்கள் என்று அளந்தார்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் குரலால் இயக்கியவர்கள் வினையாற்ற எடுத்துக்கொண்ட நேரம் 30 சதவீதம் கூடியது, கார்பிளேயில் 36. விரலால் தொட்டு இயக்கியபோது முறையே 53, 57. போனைக் கையில் பிடித்துப் பேசுவதற்கு முந்தைய ஆய்வுகள் தந்த எண் 46. பிரிட்டன் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு 12.

இந்தக் கடைசி எண்ணை வைத்துக்கொண்டு வாஞ்சூரைப் பாருங்கள். காரைக்காலின் தெற்கு எல்லை அது, தாண்டினால் நாகூர். புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் மது விலை குறைவு என்பதால் எல்லையோரம் மதுக்கடைகள் நெருக்கமாக இருக்கும். அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ் சோதனைச் சாவடி. டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், சந்தேகம் வந்தால் ஊதச் சொல்வார்கள். இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இங்கிலாந்தில் வரம்பு 80. அதாவது, அந்த ஆய்வு 12 சதவீதம் என்று சொன்ன நிலையில் ஓட்டுபவரை வாஞ்சூரில் பிடித்தால் முதல் தடவையிலேயே 10,000 ரூபாய் அபராதத்துக்கோ சிறைக்கோ இடமுண்டு. திரையைத் தடவிக்கொண்டு அதைவிட நான்கு மடங்கு மந்தமாக வருகிறவரைக் கையசைத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஒப்பீட்டை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. குடித்தவரின் மந்தம் பயணம் முழுக்கக் கூடவே வரும்; திரையைத் தொடுபவரின் மந்தம் தொடுகிற சில விநாடிகளுக்கு மட்டும். போதாக்குறைக்கு, இரண்டும் வெவ்வேறு சோதனைகளில் எடுத்த எண்கள். ஆனால் அந்தச் ‘சில விநாடி’ எத்தனை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் ஒரு வழிகாட்டுதல் வகுத்தது: ஒரு பார்வை 2 விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமாக 12 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. ஐஏஎம் சோதனையில் சிலர் 16 விநாடி வரை சாலையை விட்டுக் கண்ணை எடுத்திருந்தார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 16 விநாடி என்றால் ஏறத்தாழ 270 மீட்டர். திருநள்ளாறிலிருந்து அம்பகரத்தூர் பக்கம் போகும் சாலையில் அந்த 270 மீட்டருக்குள் என்னென்ன வரும்? பின்விளக்கு இல்லாத டிராக்டர், வைக்கோல் ஏற்றிய டிரெய்லர், அறுவடைக் காலமென்றால் பாதிச் சாலையை அடைத்துக் காயப்போட்ட நெல், அதைக் கிளறிவிட்டுக்கொண்டு நிற்கும் பெண்கள், பள்ளிவிட்ட சைக்கிள்கள், வாத்துக் கூட்டம். இவற்றில் எதுவும் வரைபடத்தில் தெரியாது.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். 2018இல் அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில், கார் நிறுவனங்கள் தாங்களே செய்து பொருத்தும் திரைகளைவிட கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் மேல் என்று தெரிந்தது. ஓர் அழைப்பைப் போட 5 விநாடியும், போகுமிடத்தைப் பதிவுசெய்ய 15 விநாடியும் மிச்சமாயின. மடியில் போனை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்ப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. 2022இல் மட்டும் ஓட்டும்போது மொபைல் பயன்படுத்தியதால் நாட்டில் 7,558 விபத்துகள் நடந்து 3,395 பேர் இறந்ததாக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. போனைக் கையிலிருந்து இறக்குவது நல்ல காரியம்தான்.

நம் சட்டம் பார்ப்பதும் அந்தக் கையைத்தான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது தகவல் தொடர்புக் கருவியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்கிறது. 2020 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த விதி, வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாதபடி, சலுகை தந்தது. சாலையிலேயே கட்டித் தீர்க்கும் தொகையை அந்தந்த அரசு வகுக்கும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் அரசாணைப்படி முதல் தடவை 1,000, மறுபடியும் மாட்டினால் 10,000. டாஷ்போர்டில் பதிந்த திரை இந்த வலையில் சிக்குவதில்லை. கை ஸ்டீரிங்கில் இருந்தால் சரி, கண் எங்கே இருக்கிறது என்று கேட்பாரில்லை.

காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவுண்டு. பலர் அங்கத்திய குடிமக்கள். விடுமுறைக்கு வரும் மச்சானிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே 2015 ஜூலை 1 முதல் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினாலே 135 யூரோ அபராதம், உரிமத்தில் 3 புள்ளி போய்விடும். ஓட்டுநரின் பார்வைக்குள் வழிகாட்டவோ ஓட்டுவதற்கு உதவவோ செய்யாத ஒரு திரை எரிந்துகொண்டிருந்தால் அதற்கு 1,500 யூரோ வரை. அதே மச்சான் இங்கே வாடகைக் காரில் ஏறியதும் டிரைவருக்கு முன்னால் யூடியூபில் பட்டிமன்றம் ஓடுவதைப் பார்த்து அதிர்ந்து போவார். இரண்டாம் நாள் அவரே பாட்டு மாற்றச் சொல்வார்.

அந்தப் பட்டிமன்றம் எப்படி ஓடுகிறது? பழைய வண்டிகளுக்கு கார் ஆக்சஸரீஸ் கடைகளில் போட்டுத் தரும் ‘ஆண்ட்ராய்டு செட்’ உபயம். ஆண்ட்ராய்டு ஆட்டோ வேறு, ஆண்ட்ராய்டு செட் வேறு. இது டாஷ்போர்டில் பதித்த முழு டேப்லெட். இதில் எதுவும் ஓடும். இப்படிப்பட்ட செட்டுகளிலும் ஒரு காவல் உண்டு. ஹேண்ட்பிரேக்கோடு இணைக்க வேண்டிய ஒரு கம்பி வரும். பிரேக்கை இழுத்து நிறுத்தினால்தான் வீடியோ தெரியும். கடைக்காரர் அதைக் கையில் எடுத்தபடியே கேட்பார்: “ஓடும்போதும் படம் வரணும்ல சார்?” ஆமாம் என்றதும் அந்தக் கம்பியை நேராக வண்டியின் உடம்போடு சேர்த்து எர்த் செய்துவிடுவார். ஒரு நிமிட வேலை. வண்டி எப்போதும் நிறுத்தியே இருப்பதாக அந்த செட் ஆயுசுக்கும் நம்பிக்கொண்டிருக்கும்.

வரைபடத்தை நம்புவது பற்றித் தனியே ஒரு வாரம் எழுத வேண்டும். 2023 அக்டோபர் 1ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, கொட்டும் மழையில், கேரளத்தின் கொதுருத்தில் பெரியாற்றுக்குள் கார் இறங்கி இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். போன் காட்டிய வழியில் போனதாகப் போலீஸார் சொன்னார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பரேலி அருகே, பாதியில் அறுந்து நின்ற பாலத்திலிருந்து விழுந்து மூவர். அதே ஆண்டு ஜனவரியில் நம் கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்றது. அதில் சேதம் மானம் மட்டும். காரைக்கால் அரசலாறும் திருமலைராஜனாறும் வாஞ்சியாறும் வாய்க்கால்களுமாகப் பிரிந்து கிடக்கும் மண். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறிவிட்டால் வாய்க்கால் கரைச் சாலைக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. திரையில் மட்டும் அந்தச் சாலை உலர்ந்தே இருக்கும். சனிப்பெயர்ச்சி நாளில் திருநள்ளாற்றைச் சுற்றி ஒருவழிப் பாதை போடுகிற காவலர் ‘இப்படிப் போ’ என்று கை காட்டினால், திரை வேறு சொன்னாலும் காவலர் சொல்வதுதான் வழி.

சில சில்லறை விஷயங்கள். திரையில் போன் தெரியவில்லை என்று பலர் காரைச் சபிப்பார்கள். பாதி நேரம் குற்றவாளி கேபிள். மலிவான கேபிள்கள் சிலவற்றில் சார்ஜ் ஏற மட்டும்தான் கம்பி இருக்கும், தகவல் போகாது. சித்திரை வெயிலில் போனைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் சூடேறிச் சார்ஜ் நின்றுவிடும். ஏசி காற்றுப் படும் இடத்தில் வைக்கலாம். கூகுள் வரைபடத்தில் டெல்டா முழுவதையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் நழுவினாலும் வழி நழுவாது. வழிகாட்டும் குரல் 2018 முதல் தமிழிலும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் திரும்ப வேண்டிய இடத்தைத் திரையில் தேட வேண்டியதில்லை. வாடகைக் காரில் போனை இணைத்திருந்தால் இறங்கும்போது அந்த இணைப்பை அழித்துவிடுங்கள். புளூடூத்தில் ஏறிய உங்கள் தொடர்புப் பட்டியல் அடுத்த சவாரிக்காரருக்குக் காட்சி தரும்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் தரும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய நம் பாரத் என்கேப்பின் முக்கியக் கவலை, மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பது. எனவே ஷோரூமில் பத்து அங்குலத் திரையைக் காட்டி விற்பனையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது, ஏசி குளிரையும் பாட்டுச் சத்தத்தையும் கண்ணை எடுக்காமல் கூட்டிக் குறைக்க ஒரு குமிழாவது இருக்கிறதா என்று நீங்களே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

(தொடரும்)