பெருவாய்ச் சுறா

1976ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய ஒவாகுவுக்கு அப்பால், அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கப்பலொன்று தன் நங்கூரத்தை மேலே இழுத்தது. நங்கூரம் என்றதும் இரும்பை எண்ணிவிடாதீர்கள். பதினையாயிரம் அடி ஆழமான அக்கடலில் இரும்பு எங்கே தரைதட்டப் போகிறது? நீரினுள் விரிந்து கப்பலின் ஓட்டத்தைத் தடுக்கும் பரசூட்டுகளே அங்கு நங்கூரம். சுமார் 165 மீற்றர் ஆழத்திலே தொங்கிய அவற்றிற் சிக்குண்டு பெருமீனொன்று வந்தது. நீளம் 4.46 மீற்றர், நிறை 750 கிலோகிராம்.

கப்பலிலிருந்தோர் அதனைக் கடலிலே வீசியிருப்பின் கதை அத்துடன் முடிந்திருக்கும். நல்லகாலமாக ஹொனலூலுவுக்குக் கொண்டுசென்றனர். ஆராய்ந்த அறிஞர்கள் திகைத்தனர். அறியப்பட்டிருந்த எந்தச் சுறாக் குடும்பத்திலும் அது அடங்கவில்லை! 1983இல் அதற்கெனப் புதுக் குடும்பமே வகுத்து, ‘மெகாகஸ்மா பெலாஜியோஸ்’ எனப் பெயரிட்டனர். பெருவாய் பிளந்து ஆழிநடுவே திரிவது என்பது கருத்து.

வாய்தான் பெரிது, பற்களோ மிகச் சிறியன. கூனி இறால் போன்ற சிற்றுயிர்களை நீரோடு உள்வாங்கி, செவுள்களால் வடித்து உண்ணும் சாதுவான பிராணி இது. மேலுதட்டில் வெண்பட்டையொன்று உண்டு. அது இருளில் ஒளிவீசி இரையை ஈர்க்கும் எனப் பலர் கருதினர். 2020இல் வெளிவந்த ஆய்வொன்று அதனை மறுத்தது. பட்டை பிற ஒளியைத் தெறிக்கச் செய்வதேயன்றித் தானாக ஒளிர்வதன்று.

“இவ்வளவு பெரிய மீன் அதுவரை எங்கே ஐயா ஒளிந்திருந்தது?” என வகுப்பிலே மாணவனொருவன் கேட்டான். நியாயமான கேள்வி. 1990இல் கலிபோர்னியக் கரையோரம் உயிருடன் அகப்பட்ட ஒன்றுக்கு ஒலிக்கருவி பொருத்தி விடுவித்து, இரண்டு நாட்களாகப் பின்தொடர்ந்தனர். பகலெல்லாம் 120 முதல் 166 மீற்றர் வரையான ஆழத்தில் உலாவிய அச்சுறா, பொழுதுசாய மேலெழுந்து, இரவில் 12 முதல் 25 மீற்றரளவில் நீந்தியது. விடியுமுன் மறுபடியும் கீழே! இரையாகும் சிற்றுயிர்கள் இரவில் மேலேறுவதால் இதுவும் ஏறுகிறது. மனிதர் விழித்திருக்கும் வேளையில் அது கண்ணுக்கெட்டாத ஆழத்தில்.

ஆயினும் மேலேறும் அந்த வேளையே அதற்கு ஆபத்துமாகிறது. இன்றுவரை மனிதர் கண்டவை சில நூறு மட்டுமே. அவற்றிற் பல தைவானின் கிழக்குக் கரையோரத்தில் மிதவை வலைகளில் அகப்பட்டு மடிந்தவை. வேறு மீனுக்காக விரித்த வலைகளில் இவையும் வீழ்ந்தன. விஞ்ஞானிகள் இவ்வினத்தைப்பற்றி அறிந்தவற்றிற் பெரும்பங்கு இறந்த உடல்களிலிருந்து பெற்றதே. 2020இல் தைவான் அரசு இச்சுறாவைப் பிடிப்பதைத் தடைசெய்தது.