தைராய்டு மாத்திரை: தினமும் போட்டால் மட்டும் போதுமா?

காலை ஆறு மணி. பல் தேய்த்துவிட்டு வந்ததும் அக்காவுக்கு முதல் வேலை, சாப்பாட்டு மேஜையில் இருக்கும் மாத்திரை டப்பாவைத் திறப்பதுதான். தைராய்டுக்கு ஒன்று, எலும்பு பலத்துக்குக் கால்சியம் ஒன்று, வயிற்று எரிச்சலுக்கு ஒன்று. மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி, ஒரே மடக்கில் விழுங்குவாள். கையோடு சுடச்சுட ஃபில்டர் காபி. ‘ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்ல’ என்று பெருமை வேறு.

விட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால், ரத்தப் பரிசோதனை முடிவு மட்டும் சரியாகவே இல்லை. 50 மைக்ரோகிராம் மாத்திரை 75 ஆனது. பிறகு 100 ஆனது. அப்போதும் சோர்வு போகவில்லை, முடி கொட்டுவது நிற்கவில்லை, முகத்தில் ஊதலும் குறையவில்லை. 52 வயதில் மாடிப்படி ஏறவே யோசித்தாள்.

புதிதாகப் போய்ப் பார்த்த மருத்துவர், ரிப்போர்ட்டைப் புரட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு காபி குடிப்பீங்கம்மா?”

“எங்க டாக்டர் கழிச்சு? கூடவேதான்.”

“அப்ப மாத்திரை வயித்துக்குள்ள போகுது. ஆனா, உடம்புல முழுசா சேரல. இப்போதைக்கு மாத்திரையோட அளவை மாத்த வேணாம். அதைப் போடுற முறையை மாத்துவோம்.”

நம் வீடுகளில் தைராய்டு மாத்திரை போடாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. சென்னை உட்பட 8 பெருநகரங்களில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி, 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 100-ல் 11 பேருக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கும் பிரச்னை இருப்பது தெரிந்தது. இவ்வளவு பேர் போடும் இந்த மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கடுகை விடச் சிறிய அளவு

கழுத்தின் முன்பக்கம், வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. இதயத் துடிப்பு, உடல் சூடு, செரிமானம், மாதவிலக்கு, மனநிலை என எல்லாவற்றின் வேகத்தையும் தீர்மானிப்பது இது சுரக்கும் தைராக்ஸின்தான். அது குறையும்போது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘இன்னும் சுர, இன்னும் சுர’ என்று டி.எஸ்.ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பி விரட்டும். அதனால்தான் தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு டி.எஸ்.ஹெச் ஏறியிருக்கிறது.

உடம்பில் குறைந்துபோன அதே ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பதுதான் லெவோதைராக்ஸின் மாத்திரை. தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்று கடைகளில் பல பெயர்களில் கிடைப்பது எல்லாம் இதுதான்.

இதன் அளவைக் கவனியுங்கள். காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரையில் மருந்தின் அளவு 500 மில்லிகிராம். தைராய்டு மாத்திரையிலோ 25, 50, 100 மைக்ரோகிராம். 1,000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். அதாவது, ஒரு பாரசிட்டமால் மாத்திரையில் இருக்கும் மருந்தின் எடை, 100 மைக்ரோகிராம் தைராய்டு மருந்தைப் போல 5,000 மடங்கு. இவ்வளவு நுணுக்கமான அளவில் கொடுப்பதால், கொஞ்சம் சேராமல் போனாலும் உடம்பு உணரும், கொஞ்சம் கூடினாலும் உணரும்.

வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான்

இந்த மாத்திரையைச் சிறுகுடல்தான் உறிஞ்சிக்கொள்கிறது. வெறும் வயிற்றில் போட்டாலே 60 முதல் 80 சதவிகிதம் வரைதான் உடம்பில் சேரும். அதோடு காபி, பால், டிபன் எல்லாம் போய்ச் சேர்ந்தால் இன்னும் குறையும். ‘கறுப்புக் காபிதானே, பால் இல்லையே’ என்று சொல்ல முடியாது. இத்தாலியில் பால் இல்லாத எஸ்பிரஸோ காபியோடு மாத்திரை போட்டவர்களுக்கே மருந்து சரியாகச் சேரவில்லை என்று 2008-ல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

* காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போடுங்கள். பாலிலோ, டீயிலோ வேண்டாம்.

* அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, காபியும் கூடாது.

* கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, இவை இரண்டும் கலந்த சத்து மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்து ஆகியவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இவை தைராய்டு மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதைக் குடலில் சேரவிடாமல் செய்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ, இரவிலோ போட்டுக்கொள்ளலாம்.

* வயிற்றில் அமிலம் குறைய தினமும் போடும் பான்டோப்ரசோல், ஒமேப்ரசோல் போன்றவையும் தைராய்டு மருந்து சேர்வதைக் குறைக்கலாம். இவற்றைத் தொடங்கினாலோ, நிறுத்தினாலோ தைராய்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்களும் அப்படித்தான். தைராய்டு மாத்திரையைத் தொடங்கும்போது அந்த மருந்துகளின் அளவையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

கோஸ், காலிஃபிளவரைத் தொடவே கூடாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வேகவைத்து, அளவாகச் சாப்பிடுவதில் பயமில்லை. சோயாவை மட்டும் மாத்திரை போடும் நேரத்துக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காலையில் நேரம் இல்லாதவர்களுக்கு

ஐந்தரை மணிக்கு எழுந்து, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு ஒரு வாய்க் காபிதான் தெம்பு. அதற்கு ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் நடக்குமா?

அவர்களுக்கும் வழி இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது போடலாம். இரவில் போட்டாலும் மருந்து நன்றாகவே வேலை செய்கிறது என்று நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் காட்டியது. எட்டு மணிக்குச் சாப்பிட்டு, பதினோரு மணிக்குப் படுப்பவர்களுக்கு இது தோதுப்படும். படுக்கும்போது பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் சரிவராது. ரம்ஜான் நோன்பு இருப்பவர்களும் எந்த நேரம் தங்களுக்குப் பொருந்தும் என்று நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

காலையோ, இரவோ, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கடைப்பிடியுங்கள். இன்று காலை, நாளை இரவு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

பழக்கத்தை மாற்றினால் அளவும் மாறும்

அக்கா, மருத்துவர் சொன்னபடியே செய்தாள். ஆறு மணிக்கு மாத்திரை, ஏழு மணிக்குக் காபி, கால்சியம் மாத்திரை இரவுக்குப் போனது. மூன்று, நான்கு வாரத்தில் உடம்பு லேசானது. ஐந்தாவது வாரம் போன் செய்தாள்.

“என்னடி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கை லேசா நடுங்குது. ராத்திரி தூக்கமே வரல. மாத்திரையை நிறுத்திடட்டுமா?”

“நீயா நிறுத்தாதக்கா. டாக்டருக்கு போன் பண்ணு” என்றேன்.

பரிசோதித்துப் பார்த்தால், டி.எஸ்.ஹெச் இருக்க வேண்டிய அளவுக்கும் கீழே போயிருந்தது. காரணம் எளிது. 100 மைக்ரோகிராம் என்பது, பாதி வீணாகிக்கொண்டிருந்த காலத்தில் ஏற்றிய அளவு. இப்போது மருந்து ஒழுங்காகச் சேர்ந்ததும் அதுவே அதிகமாகிவிட்டது. மருத்துவர் மறுபடியும் 75-க்குக் குறைத்தார். படபடப்பு அடங்கியது.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாத்திரையின் அளவு, நீங்கள் அதைப் போடும் பழக்கத்தோடு சேர்த்து நிர்ணயிக்கப்பட்டது. இதுவரை காபியோடு போட்டு வந்தவர்கள் நாளை முதல் சரியாகப் போடுவது நல்லதுதான். ஆனால், அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, 6 முதல் 8 வாரங்களில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாத்திரையின் பிராண்ட் மாறினாலும் இதே கதைதான். கடையில் ‘அது இல்ல, இதுவும் அதேதான்’ என்று வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால், மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

அளவு கூடினால் வெறும் படபடப்போடு போகாது. நீண்ட நாள் அப்படியே இருந்தால், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். நெஞ்சு வலியோ, மூச்சுத்திணறலோ வந்தால் போன் செய்துகொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தைராய்டு பிரச்னை இல்லாதவர்கள் இந்த மாத்திரையைப் போடுவது ஆபத்து.

மறந்தால்? நிறுத்தினால்?

காலையில் மறந்துவிட்டால், அன்றைக்கே நினைவு வரும்போது, வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், வழக்கமான ஒரு மாத்திரை போதும். நேற்றையதையும் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம்.

‘பத்து நாளா நிறுத்திட்டேன், நல்லாத்தான் இருக்கேன்’ என்பவர்களும் உண்டு. அது ஏமாற்று. இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாட்கள் ஆகும். போட்டு வைத்த சேமிப்பில் சில நாட்கள் ஓடும். பிறகுதான் சோர்வு, மலச்சிக்கல், மறதி என்று ஒவ்வொன்றாகத் திரும்பும். டி.எஸ்.ஹெச் ‘நார்மல்’ என்று வந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். மாத்திரை தேவையில்லை என்று அர்த்தமில்லை. சிலருக்கு உண்மையிலேயே நிறுத்த முடியும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கர்ப்பிணிகள் நிறுத்தவே கூடாது

அக்கா மகளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார்: “வயித்துல புள்ள தங்கியிருக்கு. இந்த மாத்திரையெல்லாம் இப்ப எதுக்கு? நிறுத்திடு.” அன்போடு சொன்னதுதான். ஆனால், இதைவிட ஆபத்தான யோசனை இருக்க முடியாது.

முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் தைராய்டு சுரப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்காது. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்ஸினுக்குக் குழந்தை, அம்மாவைத்தான் நம்பியிருக்கிறது. அதனால், கர்ப்ப காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். பொதுவாக 20 முதல் 30 சதவிகிதம் வரை கூட்டுவார்கள். எனவே, குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஒருமுறை பரிசோதித்து, ‘கர்ப்பம் என்று தெரிந்த அன்றைக்கு எவ்வளவு கூட்டிப் போட வேண்டும்?’ என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின் முதல் பாதி முழுக்க, ஏறக்குறைய 4 வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதனை தேவைப்படும்.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். இரண்டும் அவசியம்தான். ஆனால், தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு அளவு மறுபடியும் குறையும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் தாராளமாகத் தொடரலாம்.

அக்கா மகள், நல்லவேளை, நிறுத்துவதற்கு முன் அம்மாவுக்கு போன் செய்தாள்.

பரிசோதனைக்குப் போகும் முன்

தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடுவோம். இந்த பயோட்டின், சில பரிசோதனைக்கூடங்களில் தைராய்டு முடிவுகளையே தப்பாகக் காட்டிவிடும். டி.எஸ்.ஹெச் குறைந்து, மருந்து அதிகமாகிவிட்டதைப் போலத் தோன்றும். அதை நம்பி அளவைக் குறைத்தால் சிக்கல்தான். எனவே, ரத்தம் கொடுக்க குறைந்தது 2 நாட்களுக்கு முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள். பரிசோதனை அன்று தைராய்டு மாத்திரையைக் கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை இருக்கும் இடமும் முக்கியம். சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் இதற்கு ஆகாது. அடுப்பு மேடைக்கு மேலே இருக்கும் ஷெல்ஃபும், குளியலறை அலமாரியும், ஜன்னல் ஓரமும் வேண்டாம். பாட்டிலில் வாங்கினால் அதே பாட்டிலில், மூடியை இறுக்கி வைத்திருங்கள்.

இப்போது அக்கா வீட்டு மாத்திரை டப்பா இரண்டாகிவிட்டது. தைராய்டு மாத்திரை கட்டில் பக்கத்தில், ஒரு சொம்புத் தண்ணீரோடு. மற்றவை சாப்பாட்டு மேஜையில். மாத்திரை போட்டதும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள், செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறாள், பேப்பர் படிக்கிறாள். ஏழு மணிக்குக் காபி.

“ஒரு மணி நேரம் காத்திருந்து குடிக்கிறதால காபி முன்னைவிட நல்லா இருக்குடி” என்கிறாள். மாடிப்படியும் இப்போது யோசிக்காமல் ஏறுகிறாள்.