படித்த பிள்ளைகள் தங்கும் ஊர்



நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகையில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சென்ற மாதம் பட்டியலைப் புரட்டிப் பார்த்தோம். கோவை, சென்னை, பெங்களூரு, வளைகுடா. உடுமலையில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சம்பளம்தான் முதல் காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் பெங்களூருவில் இருக்கும் ஒரு பொறியாளரிடம் பேசியபோது அவர் கேட்டது வேறு: "வேலை முடிந்த பிறகு நம்ம ஊரில் என்னங்க இருக்கு?"

கோவைக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. 1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பும் அந்த நகரத்தின் பெயரைக் கெடுத்தன. "அந்த ஊருக்கா?" என்று தயங்கியவர்களை நாமே பார்த்திருக்கிறோம். பிறகு அங்குள்ள மக்களே சில வேலைகளைக் கையில் எடுத்தார்கள். வறட்சியால் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போனபோது, 2003இல் 'சிறுதுளி' அமைப்பு தொடங்கி, குளங்களைத் தூர்வாரினார்கள். 2008 முதல் 'யங் இந்தியன்ஸ்' இளைஞர்கள் 'கோயம்புத்தூர் விழா' நடத்துகிறார்கள். ரேஸ் கோர்ஸ் பகுதியில் தெருவோர ஓவியக் கண்காட்சி, ஊரைச் சுற்றிக்காட்ட மாடி பஸ் என்று பல நாள் நடக்கும். 2017 முதல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறு காலைகளில் குளக்கரைகளில் இறங்கிக் குப்பை அள்ளுகிறார்கள். விடுமுறை நாளில் மண்வெட்டி பிடிப்பவர்களில் ஐடி ஊழியர்களும் உண்டு.

இதனால்தான் கம்பெனிகள் வந்தன என்று சொன்னால் மிகை. கல்லூரிகள், விமான நிலையம், விளாங்குறிச்சியில் 2010இல் திறந்த டைடல் பார்க் எல்லாம் சேர்ந்துதான் ஆட்களைக் கொண்டுவந்தன. ஆனால் வேலைக்காக வந்தவர் ஊரில் நான்கு பேரோடு பழகி, இது நம் ஊர் என்று நினைக்க இத்தகைய காரியங்கள் வழி செய்தன.

திருப்பூரைப் பாருங்கள். பனியனும் சாயக்கழிவும்தான் என்று பேசப்பட்ட ஊர். 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' தன்னார்வலர்கள் பல லட்சம் மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள். நஞ்சராயன் குளத்துப் பறவைகளைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்து எழுதி வந்தவர்களும் ஊர்க்காரர்களே. அது 2022இல் பறவைகள் சரணாலயமானது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

நமக்கும் குறை ஒன்றுமில்லை. திருமூர்த்தி மலை, அமராவதி அணை, நல்ல காற்று, 2015 முதல் அகல ரயில் பாதை. பண்ணைக்கிணற்றில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்து, வெளியூர் இளைஞர்கள் வந்துபோகிறார்கள்.

ஆனால் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மதுரைப் பக்கமிருந்து ஓர் இளம் பல் மருத்துவர், பெண், தனியாக இங்கே வேலைக்கு வந்தார். மூன்று வாரம் வீடு தேடினார். நம் மஹல்லாவிலேயே மூன்று வீடுகள் காலியாக இருந்தன. "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எப்படிங்க கொடுக்கிறது?" என்று மூன்றிலும் திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒன்று நம் நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவருடையது. அவர் பொள்ளாச்சியில் தங்கி பஸ்ஸில் வந்துபோனார், ஆறு மாதத்தில் வேலையை விட்டுக் கோவைக்குப் போய்விட்டார். வெளியூரில் நம் பிள்ளைகளின் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்கிறார்களே என்று வருந்துகிறோம். இங்கே நாம் செய்தது என்ன?

விழா எடுக்க நம்மிடம் வசதியில்லை, அது இப்போதைக்கு அவசியமுமில்லை. வேலைக்காக வரும் இளைஞர்களுக்கு, ஆணோ பெண்ணோ, எந்த மதத்தவரோ, வாடகைக்கு வீடு தரச் சம்மதிக்கும் உரிமையாளர்களின் பட்டியல் ஒன்றை அறக்கட்டளை தயாரிக்கிறது. முதல் பெயராக மேற்படி நிர்வாகியே தம் வீட்டைப் பதிந்துவிட்டார். நம் வாசிப்பறையை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்க ஆறு தன்னார்வலர்கள் தேவை, கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் நல்லது. வீடு காலியாக உள்ளவர்கள் வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் விவரம் தரலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழுக்குள் பட்டியல் தயாராகிவிடும்.

— செயலாளர்