உங்களுக்குத் தெரியுமா? பனியன் ஒன்று, கூலி பல!

ஐரோப்பாவுக்குப் போகும் திருப்பூர் பனியன் பல கை மாறித்தான் உருவாகிறது. கை மாற மாறக் கூலியும் இறங்கும். வெளிநாட்டு ஆர்டரை நேரடியாகப் பிடிக்கும் பெரிய கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. அங்கிருந்து ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்டில் பெரும்பாலும் பீஸ் ரேட்தான். அதற்கும் கீழே, வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுப்பவர்கள். அநேகமாக எல்லாருமே பெண்கள். சரி, பெரிய கம்பெனிக்குள் மட்டும் நிலைமை வேறா? கட்டிங் மாஸ்டர் பெரும்பாலும் ஆண். குறைந்த கூலியுள்ள செக்கிங்கும், தைப்பவருக்கு உதவும் கைமடி வேலையும் பெண்களுக்கு. ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் இருவருக்கும் சம ஊதியம் தரச் சொல்லும் சட்டம் இந்தியாவில் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால், பெண்ணுக்கென்று வேலையையே தனியாகப் பிரித்து வைத்துவிட்டால், ஒப்பிட்டுக் கேட்க அந்த வேலையில் ஆண் யாரும் இருப்பதில்லை!