பெட்டி வாங்கினால் போதுமா? பதிவேட்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்!

"உம்மா, காக்காட கல்யாண வீடியோவ இந்தப் பெட்டியில ஏத்த ஏலாதாம். ஃபைல் பெரிசாம்."

"என்ன மகள் சொல்றீங்க? நேத்துத்தானே வாங்கின. அதுல இன்னும் ஒண்டும் போடல்லியே!"

கல்முனைப் பக்கத்து வீடுகளில் இன்று எங்கும் கேட்கக் கூடிய பேச்சுத்தான் இது. 256 ஜீ.பி. கொள்ளும் எஸ்.எஸ்.டி. பெட்டியில் 6 ஜீ.பி. வீடியோ ஏறவில்லை. பெட்டி பழுதுமில்லை, விற்றவர் ஏமாற்றவுமில்லை. கோளாறு, பெட்டிக்குள் போடப்பட்டிருக்கும் பதிவேட்டில் இருக்கிறது.

இது கணினி படித்த பிள்ளைகளின் விஷயம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை அன்று இழந்தது அம்பாறை மாவட்டம்தான். உயிர்கள் போன இடத்தில் பொருளைப் பற்றிப் பேசுவது அழகல்ல. ஆனால் அல்பங்களும் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் அலையோடு போயின. போன பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட எஞ்சாத வீடுகள் இருந்தன. இன்று அந்த அல்பமும் உறுதியின் பிரதியும் மலிவான ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்துவிட்டன. அதைக் காக்கும் பொறுப்பு, அலுமாரிச் சாவியைப் போலவே, வீட்டுப் பெண்ணின் கையில்தான் இருக்கிறது.

பதிவேடு என்றால் என்ன?

எந்தப் படம் பெட்டியின் எந்த மூலையில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். பெட்டியை 'ஃபோமட்' செய்யும்போது நாம் தேர்ந்தெடுப்பது இதைத்தான். பதிவேடு கெட்டால் படங்கள் உள்ளே இருந்தும் இல்லாதது போலாகிவிடும்.

நம் வீடுகளில் நான்கு வகைகளைக் காணலாம்.

ஃபாட்32: 1996இல் வந்த பழையது. பழைய டீ.வி., வாகன ரேடியோ எல்லாம் இதைப் படிக்கும். ஆனால் ஒரே கோப்பு 4 ஜீ.பி.யைத் தாண்ட இடம் கொடுக்காது. அந்தக் கல்யாண வீடியோ ஏறாத காரணம் இதுதான்.

எக்ஸ்ஃபாட்: 2006இல் மைக்ரோசொஃப்ட் கொண்டுவந்தது. பெரிய வீடியோவும் ஏறும். விண்டோஸ், மக், லினக்ஸ், பல புதிய கைபேசிகள் எல்லாம் இதைப் படிக்கும்.

என்.டி.எஃப்.எஸ்.: 1993 முதல் விண்டோஸின் சொந்த முறை. மக் கணினியில் படிக்கலாம், சாதாரணமாக எழுத முடியாது.

எக்ஸ்ட்4: லினக்ஸுக்கு உரியது. 2008இல் பாவனைக்கு வந்தது. விண்டோஸ் கணினியில் சொருகினால் அது நேரடியாகப் படிக்காது.

கரண்ட் போனால்?

பலசரக்குக் கடை முதலாளி முதலில் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் கடனுக்குச் சாமான் கொடுப்பார். இடையில் விளக்கு அணைந்தாலும் கொப்பியைப் பார்த்துக் கணக்கை நேராக்கிக்கொள்ளலாம். என்.டி.எஃப்.எஸ்.ஸும் எக்ஸ்ட்4உம் இப்படித்தான், செய்யப் போவதை முதலில் குறித்துக்கொள்கின்றன. ஃபாட்32க்கும் எக்ஸ்ஃபாட்டுக்கும் அந்தக் கொப்பி கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ வயரை இழுத்துவிட்டாலோ பதிவேடே குழம்பிப் போகலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். நமக்கு இது சின்ன விஷயமல்ல.

கொப்பி காப்பது கணக்கைத்தான், சாமானையல்ல. கரண்ட் போகும் நேரத்தில் ஏறிக்கொண்டிருந்த படம் பாதியில் நிற்கலாம். மற்றவை தப்பும்.

மலிவுப் பெட்டியின் குணம்

எஸ்.எஸ்.டி.க்குள் சுழலும் தட்டு இல்லை, மின்னணுக் கலங்களே உண்டு. எழுதி அழிக்க அழிக்க அவை தேயும். மலிவான பலவற்றில் ஒரு கலத்துக்குள் நான்கு பிட் அடைக்கப்படுவதால் தேய்வு விரைவு. திடீர் மின்தடையைத் தாங்கும் ஏற்பாடும் அவற்றில் இருப்பதில்லை.

"குறிப்பு எழுதினால் தேயும், அதை நிறுத்திவிடுங்கள்" என்று சில தம்பிமார் சொல்வார்கள். போட்டோவும் பாடமும் வைக்கும் வீட்டுக்கு அந்தத் தேய்வு மிகச் சிறிது. பதிவேடு குழம்பினால் வரும் நட்டமோ பெரிது. நிறுத்த வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

• விண்டோஸ் கணினிக்குள் நிரந்தரமாகப் பூட்டினால் என்.டி.எஃப்.எஸ்.

• பிள்ளையின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்றால் எக்ஸ்ட்4.

• கைபேசி, டீ.வி., கணினி என்று கை மாறும் பெட்டிக்கு எக்ஸ்ஃபாட். ஆனால் கணினியில் 'பாதுகாப்பாக அகற்று' என்று கொடுத்த பிறகே கழற்ற வேண்டும்.

• ஃபாட்32, பழைய கருவி வேறெதையும் படிக்காதபோது மட்டும்.

'ஃபோமட்' செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள். எஸ்.எஸ்.டி.யில் அழிந்ததை மீட்பது பெரும்பாலும் கடினம். அழிந்த இடத்தைப் பெட்டி தானே துடைத்துவிடுவதுண்டு.

வேறு சில கவனங்கள்:

• மிகக் குறைந்த விலையில் 2,000 ஜீ.பி. என்று விற்றால் சந்தேகப்படுங்கள். உள்ளே சிறிதளவே வைத்து, பெரிதாகக் காட்டும் போலிகள் உண்டு. வாங்கியதும் முழுக்க நிரப்பி, திறந்து பார்த்துச் சோதியுங்கள்.

• பத்தில் ஒரு பங்கு இடத்தையாவது வெறுமையாக விடுங்கள். நிரம்பி வழிந்தால் வேகம் குறையும், தேய்வும் கூடும்.

• பழைய ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்தது போல 'டிஃப்ராக்' செய்யாதீர்கள்.

• வெயில் படும் யன்னலோரம் வைக்காதீர்கள். அலுமாரியில் வருடக் கணக்கில் கிடந்தால் கலங்களில் உள்ள பதிவு மெல்ல மங்கும். சில மாதங்களுக்கு ஒரு முறை சொருகிப் பாருங்கள்.

எந்தப் பதிவேடும் செத்த பெட்டியை எழுப்பாது. ஆகவே இரண்டாவது பிரதி கட்டாயம். அதையும் அதே அலுமாரியில் வைத்தால் பயனில்லை. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சம்மாந்துறையில் மாமி வீடு இருந்தால், பெருநாளைக்குப் போகும்போது ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். மாமியின் பேரப்பிள்ளைகளின் படங்களை நீங்கள் வாங்கி வாருங்கள். அவர்கள் அமானிதம் உங்களிடம், உங்கள் அமானிதம் அவர்களிடம்.

இன்று பின்னேரம் வேலை முடிந்ததும் மகளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்மட பெட்டியில என்ன பதிவேடு மகள் இருக்கு? ரெண்டாவது பிரதி எங்க?" பதில் வரத் தாமதமானால், அந்த வேலையை நாளைக்கென்று வைக்காதீர்கள்.